மங்கலாக வந்தவன்

போன்களை எல்லாம் கவிழ்த்து வையுங்கள். அந்த வெளிச்சம் வேண்டாம். கரன்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். சுஜியைத் தெரியும் அல்லவா? அவளுடைய பெரியம்மா மகள் ஹெப்சிக்கு நடந்தது இது.

இரவு பதினொன்று நாற்பது. பீர்க்கன்கரணை ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர்... மறுபக்கம் பாதி கட்டி நிறுத்திய வீடுகள். மூன்று தெருவிளக்கில் ஒன்றுதான் எரிந்தது. அதுவும் விட்டு விட்டு. ஆகாயத்தாமரை அழுகிய வாடை. எங்கோ குப்பை கொளுத்திய புகை. பெருங்களத்தூர்ப் பக்கமிருந்து லாரி ஹார்ன் ஒன்று கேட்டது... அப்புறம் அதுவும் இல்லை.

சாலையோரத்தில் மூன்றுகால் ஸ்டாண்டை விரித்து அதன் தலையில் போனை மாட்டிக்கொண்டிருந்தான் ஜெஃப்ரி. ஹெப்சியின் கணவன். ஹெப்சி ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றாள். அவர்களுக்கு எதிரே சாலையில் ஒரு தார் ஒட்டு. மற்ற இடம் சாம்பல் நிறம், அது மட்டும் கறுப்பு. செவ்வகமாக, ஒரு ஆள் படுக்கும் நீளம். போன வருஷம் அங்கே வெட்டிப்போட்ட பள்ளம் இருந்தது. தடுப்பு இல்லை, விளக்கு இல்லை. ஹெப்சியின் தம்பி எபி, இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும்போது, இதே நேரத்தில் வண்டியோடு அதில் விழுந்தான். காலையில்தான் பார்த்தார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் போய் யாராவது போட்டோ எடுப்பார்களா? எடுக்கலாம் என்று ஜெஃப்ரியைக் கூட்டிக்கொண்டு வந்ததே ஹெப்சிதான்.

முதலில் ஜெஃப்ரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி வேலை. லைனில் வரும் உருப்படியை எடுத்துப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. சிலருக்கு வேலை கம்பெனி கேட்டோடு முடிந்துவிடும். இவன் அந்தச் சிவப்பு டப்பாவை அஸ்தினாபுரம் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தான். காபி ரிஜெக்ட். சட்டைக்குப் போட்ட இஸ்திரி ரிஜெக்ட். கோயிலில் பாஸ்டரின் ஜெபம் கொஞ்சம் நீண்டால், கண்ணை மூடியபடியே ஹெப்சியின் காதுப் பக்கம் சாய்ந்து, "ரிஜெக்ட்" என்பான். தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொள்வான். ஒரே ஜோக். எட்டு வருஷம்.

எல்லாவற்றையும்விட ஹெப்சி எடுக்கும் போட்டோக்கள்தான் அவனுக்குத் தீனி. சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போது அவள் போனைப் பிடுங்கி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டுவான்.

"இது யாரு, ஆளா, தூணா? தலை எங்க போச்சு? கண்ணாடியைத் தொலைச்சவன் பார்த்த மாதிரி இருக்கு பாருங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். ஹெப்சியும் சிரித்து வைப்பாள். அதற்கப்புறம் அவள் எடுத்த படம் எதையும் யாருக்கும் அனுப்புவதில்லை. எடுப்பாள், தானே பார்த்துக்கொள்வாள்.

எபிக்கு இருபத்தாறு வயது. அவனை ஒரு இடத்தில் நிற்கவைத்துப் படம் எடுக்க யாராலும் முடிந்ததில்லை. "சீக்கிரம்க்கா" என்பான். விரல் பட்டனுக்குப் போவதற்குள் திரும்பிவிடுவான், அல்லது சிரித்துக் குனிந்துவிடுவான், அல்லது நாயைக் கூப்பிடப் போய்விடுவான். ஹெப்சியின் போனில் அவன் படங்கள் பதினான்கு இருந்தன. பதினான்கிலும் கட்டம் போட்ட சட்டை தெரியும், பல்லின் வெள்ளை தெரியும், முகம் மட்டும் ஈரப் பெயின்டில் கைபட்டது போல இழுபட்டிருக்கும். அடக்கத்தன்று தெருமுனைப் போஸ்டருக்கு ஒரு உருப்படியான படம் கிடைக்கவில்லை. காலேஜ் அடையாள அட்டையில் இருந்த தபால்தலை முகத்தைப் பெரிதாக்கி ஒட்டினார்கள். விறைத்துக்கொண்டு நிற்கிற யாரோ ஒரு பையன். அது எபியே இல்லை. இழுபட்ட அந்தப் பதினான்கும்தான் எபி. ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அவள் படுப்பாள்.

இந்த நிலையில்தான் ஜெஃப்ரிக்கு ஒரு கேமரா ஆப் கிடைத்தது.

அது பிளே ஸ்டோரில் கிடைக்காது. டெலிகிராம் குரூப் ஒன்றில் யார் யாரோ திருத்தித் திருத்திப் போடுவார்கள். கூடவே கான்ஃபிக் ஃபைல் என்று ஒன்று. இந்த போனுக்கு இந்த ஃபைல், அந்த போனுக்கு அந்த ஃபைல். சரியான ஃபைலை ஏற்றினால் எட்டாயிரம் ரூபாய் போன் எண்பதாயிரம் ரூபாய் போன் மாதிரி எடுக்குமாம். சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, எங்கேயும் இதே பாடம்தான்.

"போன்காரன் குடுக்கிற கேமரா மூஞ்சிக்கு பட்டி பாத்து விட்டுடும். இது அப்படியில்ல. இருட்டுல ஒரு தடவை அமுக்கினா பதினஞ்சு படம் எடுக்கும். பதினஞ்சையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும். ஆடுறதை எல்லாம் தூக்கி எறிஞ்சிடும், ஆடாம நிக்கிறதை மட்டும் வச்சுக்கும். புரியுதா? உனக்கு எங்க புரியப்போகுது."

புரிந்தது. புரியாமல் போகிற அளவுக்கு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

ஒரு சனிக்கிழமை. ஹெப்சி குளித்துவிட்டு வருவதற்குள் அவள் போனிலும் அந்த ஆப்பை ஏற்றிவிட்டான். கேட்கவில்லை.

"உன் போன் சென்சார் என்னோடதை விட பெட்டர். தெரியாம வேஸ்டா வச்சிருக்கே. இடம் பத்தல, அதான் ப்ளர் குப்பையெல்லாம் க்ளீன் பண்ணிட்டேன். ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணியாச்சு. தேங்க்ஸ் சொல்லு."

ஈரத் தலையோடு போனை வாங்கிப் பார்த்தாள். மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள்.

"எபி படம் இருந்துச்சே..."

"எபி எங்க இருந்தான் அதுல? ஒரே இழுவை. ஒண்ணாவது பாஸ் ஆகுமா, நீயே சொல்லு."

தலையைக்கூடத் துவட்டாமல் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஃபயாஸிடம் போனாள். ஃபயாஸ் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒன்றரை மணி நேரம் முயன்றான்.

"இன்னாக்கா இது, பின்னு காலியா கீது. அதுக்கு மேல புதுசா வேற படம் புட்சிகினு இருந்திருக்காங்க. பேக்கப்பு?"

"ஃபுல்லுன்னு ரொம்ப நாளா காட்டிட்டே இருந்துச்சு..."

"வாட்ஸாப்புல யாருக்குனா அனுப்பிச்சிருந்தா தேறும்க்கா. யாருக்கும் அனுப்பலயா? ஒருத்தருக்குகூடவா?"

ஒருத்தருக்குக்கூட அனுப்பவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வைத்திருந்தாள். ஃபயாஸ் திரையைத் துடைத்து, இரண்டு கையாலும் போனைத் திருப்பிக் கொடுத்தான். சாவு வீட்டில் கொடுப்பது போல.

அன்று ராத்திரி ஜெஃப்ரி அவள் போனை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனான். தூரத்தில் திருநீர்மலைக் கோயிலின் விளக்கு. பட்டனை அமுக்கினான். படம் வந்தது. ஒத்துக்கொள்ள வேண்டும், நல்ல படம்தான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த பெயர்கூடப் படிக்க முடிந்தது. கைப்பிடிச் சுவரின் இடது மூலையில் மட்டும் ஒரு இழுவை. கட்டைவிரல் பட்டது போல.

பனியனால் லென்ஸைத் துடைத்தான். மறுபடி எடுத்தான். இழுவை இப்போது தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது.

"அடுக்குறது சரியில்ல. கான்ஃபிக் மாத்தணும்."

மாற்றினான். மறுநாள் ராத்திரி வேறு ஃபைல். இழுவை ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. அதற்கடுத்த ராத்திரி இன்னொரு ஃபைல். ஜெஃப்ரி எரிச்சலோடு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹெப்சி அவன் தோளுக்கு மேலிருந்து பார்த்தாள். இழுவைக்குள் கோடுகள். குறுக்கே கொஞ்சம், நெடுக்கே கொஞ்சம். கட்டம் கட்டமாக.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூலையை நேராகப் பார்த்தாள். அங்கே துணிக்கொடியைத் தவிர ஒன்றும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் தெளிவா வருமா?" என்று கேட்டாள்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் அவனிடம் போட்டோவைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. அவன் மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டுமே. தனக்கு ஒரு சிஷ்யை கிடைத்துவிட்டாள் என்று அந்த ஆள் நினைத்துக்கொண்டான்.

அப்புறம் அவள்தான் அவனை வேலை வாங்கினாள். தினமும் மாடிக்குக் கூப்பிட்டாள். படம் வந்ததும் போனை வாங்கி, இரண்டு விரலால் விரித்து, அந்த முகத்தைத் தேடுவாள். சட்டை வந்துவிட்டது. கையில் கட்டியிருந்த வாட்ச் வந்துவிட்டது. முகம் மட்டும் வரவில்லை.

"ரிஜெக்ட்" என்று போனைத் திருப்பிக் கொடுப்பாள்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு மணி வரை உட்கார்ந்து ஃபைல் தேடினான். தன் கண்முன்னால் தெளிவாகிக்கொண்டு வருவது யார் என்று ஒரு தடவையாவது அவன் பார்த்தானா? பார்க்கவே இல்லை. அவன் கண்ணுக்கு அது கீறல். கீறலை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் எதைக் காட்டினாலும் அதில் கீறலை மட்டும் பார்க்கிறவனுக்கு மச்சினன் எப்படித் தெரிவான்?

முதல் வருஷ நினைவு ஆராதனைக்குப் பத்து நாள் இருந்தது. அட்டையில் போடப் படம் இல்லை. அப்போதுதான் ஹெப்சி சொன்னாள்.

"மாடியில சுத்தி வெளிச்சம் ஜாஸ்தி. ஏரிக்கரையில நல்ல இருட்டு இருக்கும்."

"அங்கயா? அது எபி..."

"அதுக்கென்ன? நீங்கதான் இதெல்லாம் நம்பமாட்டீங்களே."

இப்போது ஏரிக்கரைக்கு வருவோம்.

போனை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்திவிட்டால் அந்த ஆப் நாலு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். திரையில் ஒரு வட்டம் மெதுவாக நிரம்பும். அடியில் எழுத்து ஓடும்... ஆடாமல் பிடிக்கவும்.

முதல் படம். நாலு நிமிஷமும் தவளைகள் கத்தித் தீர்த்தன. படத்தில், தூரத்துக் கம்பத்துக்கு அடியில் இழுவை நின்றது.

இரண்டாவது படம். இழுவை தார் ஒட்டின் மேல் வந்திருந்தது. செருப்பு தெளிவு. பேன்ட் மடிப்பு தெளிவு. காலர் வரைக்கும் தெளிவு. அதற்கு மேல்... ஈரப் பெயின்ட்.

"ச்சே. ஃபோக்கஸ் பிடிக்க இங்க ஒண்ணுமே இல்ல. அதான் பிரச்சனை" என்றான் ஜெஃப்ரி.

"நீங்க போய் நில்லுங்க. நான் அமுக்குறேன்."

"எங்க?"

"அந்த ஒட்டு மேல."

போனான். நின்றான். நிற்பதற்கும் ஒரு பிரசங்கம். "பாத்துக்க, எப்படி நிக்கணும்னு. மூச்சுகூட ஆடாது. உங்க வீட்ல ஒருத்தருக்கும் நிக்கத் தெரியாது."

ஹெப்சி பட்டனை அமுக்கினாள்.

ஒரு நிமிஷம். தவளைகள் நின்றன. ஒன்றொன்றாக இல்லை. மொத்தமாக.

இரண்டாவது நிமிஷம். இருட்டில் எங்கோ ஒரு பைக்கின் சைடு ஸ்டாண்டைத் தள்ளும் சத்தம். டக். வண்டி எதுவும் வந்திருக்கவில்லை. பெட்ரோல் வாடை அடித்தது. கூடவே, புதிதாக வெட்டிய ஈர மண்ணின் வாடை.

மூன்றாவது நிமிஷம். உதடு அசையாமல் ஜெஃப்ரி பேசினான்.

"ஹெப்சி... தோள்ல கை வைக்காத."

ஹெப்சி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் பதினைந்து அடி.

"ஆடாதீங்க" என்றாள்.

"ஜில்லுன்னு இருக்கு. கையை எடு..."

"இன்னும் ஒரு நிமிஷம்தான். ஆடாதீங்க."

வட்டம் நிரம்பியது. தவளைகள் மறுபடி கத்தின.

படத்தில் எபி நின்றான். நேராக, லென்ஸைப் பார்த்து, ஆடாமல் நின்றான். தாடையில் பிளேடு பட்ட சின்னக் கீறல், முன்பல்லின் இடைவெளி, சட்டைப்பையில் பிரிந்து தொங்கிய நூல், புருவத்தின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. சிரிக்கத் தொடங்கி, அவளுக்காக அதை அடக்கிக்கொண்டிருப்பவன் போல இருந்தான். ஒரு கை மட்டும் பக்கவாட்டில் நீண்டிருந்தது. அந்தக் கைக்கு அடியில், ஜெஃப்ரி போட்டிருந்த நீலச் சட்டையின் நிறத்தில், ஒரு இழுவை.

"வந்துச்சா? காட்டு, காட்டு" என்று ஜெஃப்ரி ஓடி வந்தான். ஹெப்சி திரையை அணைத்தாள்.

"ரிஜெக்ட்" என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

இரண்டு நாள் கழித்து குரோம்பேட்டையில் பிரிட்டோவின் ஸ்டுடியோவில் அந்தப் படத்தை நினைவு அட்டைக்குக் கொடுத்தாள். பிரிட்டோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சூப்பர் கிளாரிட்டிமா. எந்த கேமரா? பக்கத்துல ஏதோ புகை மாதிரி இருக்கே, வெட்டிடவா?"

"வெட்டிடுங்க" என்றாள் ஹெப்சி.

மணிக்கட்டோடு வெட்டினார். எபி நன்றாக வந்தான்.

அந்த வாரமே ஒரகடத்தில் தொடங்கியது. கம்பெனி வாசலில் முகத்தைக் காட்டினால் வருகை பதியும் மெஷின் இருக்கிறது அல்லவா... அது ஜெஃப்ரியை எடுக்கவில்லை. முகம் தெளிவாக இல்லை, மீண்டும் முயற்சிக்கவும். மீண்டும் முயன்றான். பின்னால் வரிசை நீண்டது. செக்யூரிட்டிக்காரர் அலுத்துக்கொண்டார். "சார், கொஞ்சம் ஆடாம நில்லுங்க சார்." ஜெஃப்ரியைப் பார்த்து!

அப்புறம் ஷேவ் செய்யும்போது தாடையை வெட்டிக்கொண்டான். கண்ணாடியைத் துடைத்தான், புதுக் கண்ணாடி வாங்கினான், மறுபடி வெட்டிக்கொண்டான். ஒரு காலை, கதவைத் திறந்த அவனிடமே பால்காரர் கேட்டார், "வீட்ல சார் இல்லீங்களா?" சாப்பிட உட்காரும்போது ஹெப்சிகூடக் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருந்தது. கையில் இருந்த கரண்டி தெரியும். தட்டில் பூ தெரியும்.

ஒரு ராத்திரி அவன் கெஞ்சினான். அந்தக் குரலை அவள் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"ஹெப்சி, நீ ஒண்ணு எடேன். சாதா கேமராவுல. எப்படி வந்தாலும் பரவால்ல. தலை வெட்டுப்பட்டாலும் பரவால்ல."

எடுத்தாள். பார்த்தாள். போனை அவனிடம் நீட்டினாள்.

"எங்க இருக்கீங்க அதுல?"

அதற்கப்புறம் அவன் அவளிடம் கேட்கவில்லை. வேலைக்கும் போகவில்லை. தினமும் இருட்டியதும் மாடிக்குப் போய், ஸ்டாண்டை நிறுத்தி, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். நாலு நிமிஷம். எழுந்து வந்து பார்ப்பான். ஃபைலை மாற்றுவான். மறுபடி நாலு நிமிஷம். கீழே படுத்திருக்கும் ஹெப்சிக்கு நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் விடியற்காலை அந்தச் சத்தம் நின்றுவிட்டது. மாடிக்குப் போனாள். உட்கார்ந்தபடியே போயிருந்தான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். போனில் அறுநூற்றுச் சொச்சம் படங்கள். எல்லாம் நாற்காலி. பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு கீறலும் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவான நாற்காலி.

ஹெப்சி அழுதாளா என்று கேட்காதீர்கள். அழுதாள். எட்டு வருஷம் சேர்ந்து சாப்பிட்டவன்.

ஆறு மணிக்கு தனசிங் ஃப்ரீசர் பெட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைத்து, வயரைச் செருகிவிட்டு, வாசலில் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார். சாவு வீட்டுக்குச் சாவு வீடு பெட்டி ஏற்றி இறக்குகிற மனிதர். ஜெஃப்ரியை முன்பின் அறியாதவர்.

முதலில் சுஜிதான் வந்தாள். பெட்டியின் மேல் குனிந்தவள், சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி குனிந்தாள். மறுபடி துடைத்தாள். பின்னால் வந்த பாஸ்டர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். அவருக்குப் பின்னால் கம்பெனிக்காரர்கள் நாலு பேர்... ஒருவர் மாற்றி ஒருவர், முகம் இருக்கும் இடத்தில் துடைத்தார்கள். யாரோ வாசலுக்குக் குரல் கொடுத்தார்கள். "பெட்டி கண்ணாடியில பனி புடிச்சிருக்கு பாருங்க!"

தனசிங் உலர்ந்த துணியோடு வந்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பனியெல்லாம் இல்லீங்க. மெஷின் நல்லாத்தான் ஓடுது. சட்டைப் பொத்தானைப் பாருங்க, தச்ச நூலுகூடத் தெரியுது."

தெரிந்தது. பொத்தானின் நூல் தெரிந்தது. கோர்த்து வைத்த விரல்களில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. மோதிரத்தின் எழுத்து தெரிந்தது.

தனசிங் மேல் பக்கத்தை இன்னொரு தடவை துடைத்தார். அப்புறம் மெதுவாகக் கண்ணாடி மூடியைத் தூக்கி, உள்பக்கம் துடைக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். துணியைக் கீழே போட்டார். இரண்டு கைகளாலும் தன் கண்களைக் கசக்கினார். மறுபடி உள்ளே பார்த்தார்.

மறுபடியும் கசக்கினார்.